மார்கழிக் கோலமும் நெவாடா பாலைவனமும்: ஊர் சமைக்காத ஓசோன் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

போன மார்கழியில் சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு வாசலில் ஆரம்பித்த விவகாரம் இது. அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். காலை நாலரை மணிக்குக் கோலம் போட எழுப்புகிறார்களே என்று அவளுக்குக் கடுப்பு. அவளுடைய அம்மாயி, அதாவது என் அம்மா, சொன்ன காரணத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். "மார்கழி மாசம் விடிகாலைல ஓசோன் காத்து பூமிக்குக் கிட்ட எறங்கும். அதைச் சுவாசிச்சா ஒடம்புக்கு நல்லது. சும்மாவா பெரியவங்க கோலம் போடச் சொன்னாங்க?" இதே சங்கதி வாட்ஸ்அப்பில் வருஷம் தவறாமல் டிசம்பர் 16 வாக்கில் வந்து சேரும்.

"அப்ப அதையே அளந்து பாத்துடலாமா மாமா? சயின்ஸ் எக்ஸிபிஷனுக்கும் ஆச்சு" என்றாள்.

அளப்பதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. 1839-ல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் ஓசோனை அதன் வாசனையை வைத்தே கண்டுபிடித்தவர் ஷோன்பைன். 'மணப்பது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லில் இருந்து அதற்குப் பெயர் வைத்தவரும் அவரே. மாவுப்பசையும் பொட்டாசியம் அயோடைடும் தடவிய காகிதப் பட்டையையும் அவர் தந்துவிட்டுப் போனார். காற்றில் இருக்கும் ஓசோன் அயோடைடில் இருந்து அயோடினைப் பிரிக்கும். அயோடின் மாவோடு சேர்ந்தால் நீலம் கலந்த ஊதா. எவ்வளவு கருத்த ஊதாவோ அவ்வளவு ஓசோன் என்பது கணக்கு. மாவுக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? குச்சிக்கிழங்கு அரைக்கிற சேகோ பேக்டரியில் வேலை பார்க்கும் நண்பர் ஒரு பொட்டலம் வெள்ளை ஸ்டார்ச் மாவு கொடுத்தார். 100 மில்லி காய்ச்சி வடித்த தண்ணீர், 5 கிராம் மாவு, 1 கிராம் பொட்டாசியம் அயோடைடு. மாவைக் கஞ்சி பதத்துக்குக் காய்ச்சி இறக்கி, அயோடைடைக் கலந்து, பில்டர் பேப்பரில் தடவி, இருட்டு அறையில் காய வைத்தோம். முதல் தடவை மொட்டை மாடி வெயிலில் காயப்போட்டு எல்லாமே தொங்கவிடுவதற்கு முன்பே நிறம் மாறிப் போனது தனிக் கதை. வெயில் பட்டாலும் அயோடைடு கெடும் என்பது அப்போதுதான் உறைத்தது.

நிழலில் 12 மணி நேரம் தொங்கவிட வேண்டும். பிறகு எடுத்துத் தண்ணீரில் நனைத்தால் நிறம் தெரியும். பகலுக்கு ஒரு பட்டை, இரவுக்கு ஒரு பட்டை. மூன்று இடம்: எங்கள் வீட்டுத் திண்ணை, ஐந்து ரோடு பக்கம் தெரிந்தவரின் மருந்துக்கடை வாசல், ஏற்காட்டில் ஏரிக்கு மேலே ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருக்கும் சித்தப்பா வீட்டு வராண்டா.

திண்ணையின் பகல் பட்டை வெளிறிய ஊதா. இரவுப் பட்டை, அம்மாயியின் ஓசோன் இறங்கியிருக்க வேண்டிய அந்தப் பட்டை, வெள்ளை. உற்றுப் பார்த்தால் ஓரத்தில் லேசாக ஒரு கறை, அவ்வளவுதான். ஐந்து ரோட்டுப் பட்டை தூசி படிந்து சாம்பல் நிறம், நீலமே இல்லை. ஏற்காட்டின் இரவுப் பட்டையைச் சித்தப்பா பாலிதீன் உறையில் போட்டு பஸ்ஸில் கொடுத்தனுப்பியிருந்தார். நனைத்ததும் நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி ஆகிவிட்டது.

"அம்மாயி சொன்னது சேலத்துல பொய், ஏற்காட்டுல நெசமா?"

சேலத்து இரவு ஏன் வெள்ளை

இந்தப் பாதி எளிது. தரைக்கு அருகில் இருக்கும் ஓசோனை யாரும் புகைக்குழாயில் இருந்து நேராக விடுவதில்லை. வண்டியும் கொதிகலனும் விடும் நைட்ரஜன் ஆக்சைடுகள், பெட்ரோல், பெயிண்ட், மரம் ஆகியவற்றில் இருந்து வரும் கரிம ஆவிகள், இரண்டும் வெயிலில் வேகும்போது சமைபடுவது அது. 1950-களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கண்ணெரிச்சல் புகைமூட்டத்தை ஆராய்ந்த ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்த சமையல் குறிப்பு இது. வெயில் இல்லையென்றால் அடுப்பு அணைந்தது. அப்புறம் இருப்பதைத் தின்பதுதான் நடக்கும். வண்டியில் இருந்து புதிதாக வரும் நைட்ரிக் ஆக்சைடு ஓசோனைப் பார்த்த மாத்திரத்தில் தின்றுவிடும். சுவர், இலை, மண் என்று படுகிற இடத்திலெல்லாமும் ஓசோன் அழியும். சேலமோ சேர்வராயன், நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை என்று சுற்றிலும் மலை நிற்கும் ஒரு தாம்பாளம். மார்கழி இரவில் குளிர்ந்த காற்று அதன் அடியில் தேங்கிவிடும், மேலிருந்து புதுக் காற்று கலக்காது. ஆக, நகரத்தில் தரையோர ஓசோன் மிகக் குறைவாக இருக்கும் நேரம் எது என்று கேட்டால், கோலம் போடும் நேரம்தான். அம்மாயிக்கு இதை எப்படிச் சொல்வது என்பதை விட்டுவிடுவோம். இன்னொன்று, சுவாசிக்க அது நல்லதும் இல்லை. நுரையீரலை அரிக்கும் வாயு. தலைக்கு மேல் 15 கிலோமீட்டருக்கு அப்பால் புற ஊதாக் கதிரைத் தடுத்துக்கொண்டு நின்றால் அது காவல்காரன், மூக்குக்குள் வந்தால் திருடன்.

ஏற்காட்டுப் பாதிதான் மாட்டிக்கொண்டது. மூடுபனி இருக்கும் ஊர், ஈரம் படிந்தாலே பட்டை கருக்குமோ என்று சந்தேகம். ஒரு ஜாம் பாட்டிலில் நனைத்த பஞ்சும் ஒரு புதுப் பட்டையும் போட்டு மூடி ஒரு ராத்திரி வைத்தோம். வெள்ளையாகவே இருந்தது. ஈரம் மட்டும் நிறம் தராது. ஆனால் இருக்கிற ஓசோனை ஈரம் அதிகமாகக் காட்டும். ஷோன்பைன் பட்டையின் நெடுநாள் குறை அது. எனவே 'ஏற்காட்டு இரவில் ஓசோன் இருக்கிறது' என்பதுவரை சொல்லலாம், எத்தனை பங்கு என்று சொல்ல முடியாது. நாங்களும் சொல்லவில்லை.

ஆனால் அவள் விடவில்லை. "அங்க இவ்ளோ வண்டியும் இல்ல, பேக்டரியும் இல்ல. ராத்திரி வெயிலும் இல்ல. அப்ப அந்த ஓசோன் யாருது?"

இதே கேள்வியைக் கேட்ட பாலைவனம்

இந்தக் கேள்விக்காக ஒரு மலை உச்சியில் கருவி வைத்து உட்கார்ந்திருந்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், மொஹாவி பாலைவனத்தின் நடுவில் லாஸ் வேகஸ். அது இருக்கும் கிளார்க் மாவட்டத்தில் வசந்தகாலம் வந்தால் ஓசோன் வரம்பைத் தாண்டிக்கொண்டிருந்தது. அப்போது அங்கே வரம்பு, 8 மணி நேரச் சராசரியில் 75 பிபிபி. நூறு கோடி பங்கு காற்றில் 75 பங்கு. ஊரில் ஓடும் வண்டிகள்தான் காரணமா, அல்லது எங்கிருந்தோ வந்ததா?

2013 மே, ஜூன் மாதங்களில் லாஸ் வேகஸ் ஓசோன் ஆய்வு நடந்தது. நகரத்துக்கு வடமேற்கே சுமார் 45 கிலோமீட்டரில் ஸ்பிரிங் மலைத்தொடரின் ஏஞ்சல் பீக், கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2.7 கிலோமீட்டர் உயரம். விமானப்படை கைவிட்டுப் போன பழைய ரேடார் நிலையம் ஒன்று அங்கே இருந்தது. அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல நிர்வாகமான நோவாவின் ஆட்கள் லைடார் என்னும் லேசர் கருவியை அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். லேசரை மேலே விட்டு, திரும்பி வரும் ஒளியில் ஓசோன் எவ்வளவை விழுங்கியது என்று பார்ப்பார்கள். தலைக்கு மேல் சுமார் 2.5 கிலோமீட்டர் வரை, அடுக்கடுக்காக, 5 நிமிடத்துக்கு ஒரு கணக்கு. தரையில் ஓசோனையும் கார்பன் மோனாக்சைடையும் நிமிடத்துக்கு நிமிடம் அளந்தார்கள்.

இரண்டு வாயுவை ஏன் அளந்தார்கள் என்பதில்தான் இந்த வழக்கே இருக்கிறது. ஓசோன் மூலக்கூறில் ஊர் பெயர் எழுதியிருக்காது. மூன்று ஆக்சிஜன் அணு, அது எங்கே பிறந்தாலும் ஒன்றுதான். திருவிழாக் கூட்டத்தில் காணாமல்போன பிள்ளையை யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டால் யாருடன் வந்தது என்று பார்ப்போமே, அப்படித்தான் இங்கேயும். எரிந்ததில் இருந்து வந்த காற்றென்றால், அது காட்டுத்தீயோ கடல் தாண்டி வந்த தொழிற்சாலைப் புகையோ, ஓசோனோடு கார்பன் மோனாக்சைடும் கூடவே ஏறும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஓசோன் இருக்கிற மேலடுக்கான அடுக்கு மண்டலத்தில் இருந்து இறங்கிய காற்றென்றால் ஓசோன் ஏறும், கார்பன் மோனாக்சைடு இறங்கும், ஈரப்பதம் சட்டென்று வறண்டுவிடும். அந்த உயரத்தில் நீராவியே கிடையாது என்பதால் அந்த வறட்சி ஒரு கைநாட்டு மாதிரி.

அடுக்கு மண்டலக் காற்று எப்படிக் கீழே வருகிறது? மிதவெப்ப நாடுகளின் மேலே அதன் அடித்தளம் சுமார் 10, 12 கிலோமீட்டரில் இருக்கிறது. மேலே பாயும் வேகக்காற்று, அதாவது ஜெட் காற்று, வசந்தகாலத்தில் வளைந்து நெளியும்போது அந்த அடித்தளம் துணி மடிவது போல மடிந்து, ஒரு மெல்லிய நாக்கு கீழ்நோக்கி நீளும். பல நாள் எடுத்துக்கொண்டு, சரிந்து சரிந்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி வந்து இறங்கும். மற்ற ஊர்களில் அது தரைக்கு வரும் முன் கரைந்துபோகும். பாலைவனத்தில் கதை வேறு. ஈரமில்லாத மண், வெயிலில் கொதிக்கும். பிற்பகலில் தரைக்காற்று 3, 4 கிலோமீட்டர் உயரம் வரைகூடக் கொதிக்கிற சாம்பார் மாதிரி புரளும். மேலே மிதக்கும் நாக்கை அந்தப் புரட்டல் பிடித்துக் கீழே இழுத்துவிடும். ஓசோனைத் தின்ன இலையும் குறைவு, நீராவியும் குறைவு. ஏற்கெனவே உயரமான நிலம் வேறு. பாலைவனம் ஓசோனை அதிகம் சமைப்பதில்லை, வந்ததை ஏந்திக்கொள்கிறது என்பது இந்த ஆய்வை வாசித்ததில் எனக்குப் பிடிபட்ட விஷயம்.

ஆய்வு நடந்த நாட்களில் கிளார்க் மாவட்டம் 3 முறை வரம்பை மீறியது. மூன்றிலும் அடுக்கு மண்டலக் காற்றுக்கு நேரடிப் பங்கு இருந்தது; ஒவ்வொன்றிலும் 8 மணி நேரச் சராசரியில் 30 பிபிபிக்கு மேல். ஆசியாவில் இருந்து பசிபிக் தாண்டி வந்தது இரண்டு நாட்களில் தெரிந்தது, ஆனால் 10 பிபிபிக்குள். காட்டுத்தீயின் பங்கு அந்த மூன்று நாளும் ஏறக்குறைய இல்லை. ஆய்வுக்கு முன்னும் பின்னும் நடந்த மீறல்களிலோ தீக்குப் பெரிய பங்கு. ஜூன் 28-ல் அளவீடு முடிந்தது. ஜூலை 1-ல் அதே ஸ்பிரிங் மலையில் மின்னல் விழுந்து பெரிய தீ மூண்டது! மூன்று நாள் முந்தியிருந்தால் என்ன என்று அவர்களுக்கு ஆதங்கம் இருந்திருக்கும். 2017-ல் மறுபடி வந்தார்கள். தீ, ஆசியா, அடுக்கு மண்டலம் மூன்றையும் ஆய்வின் பெயரிலேயே சேர்த்துக்கொண்டு.

இன்னொரு கணக்கும் அதில் உண்டு. வரம்பு 75-க்குப் பதில் 65 ஆக இருந்திருந்தால், அந்த ஆறு வாரத்தில் பாதிக்கு மேற்பட்ட நாட்கள் மீறலாகியிருக்கும். 2015-ல் அமெரிக்கா 70 என்று குறைத்தது. நம் நாட்டில் 2009-ல் இருந்து 8 மணி நேர வரம்பு ஒரு கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராம், ஏறத்தாழ 50 பிபிபி. அதாவது, அந்த மூன்று நாட்களில் வானத்தில் இருந்து மட்டும் இறங்கியது நம் வரம்பில் பாதிக்கு மேல்.

பழி யார் மேல்

இங்கே கொஞ்சம் ஜாக்கிரதையாக வாசிக்க வேண்டும். அமெரிக்கச் சட்டத்தில் அசாதாரண நிகழ்வு என்று ஓர் ஏற்பாடு உண்டு. மீறல் வானத்தாலோ காட்டுத்தீயாலோ வந்தது என்று நிரூபித்தால் அந்த நாளைக் கணக்கில் இருந்து கழிக்கச் சொல்லலாம். வானத்தின் மேல் பழி போட்டால் ஊருக்கு லாபம் என்று ஆகிவிட்டது. அதனால்தான் வெறும் ஓசோன் எண்ணை வைத்து யாரும் அங்கே பேச முடியாது. லைடார் படம், ஈரப்பதம், கார்பன் மோனாக்சைடு எல்லாம் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும். அந்தக் கண்டிப்பு நல்லதுதான் என்பேன். இல்லாவிட்டால் எல்லா மாவட்டமும் வானத்தைக் கைகாட்டிவிட்டு நகர்ந்துவிடும்.

'பின்னணி' என்ற சொல்லும் ஏமாற்றும். பின்னணி ஓசோன் என்றதும் இயற்கையானது என்று நினைத்துக்கொள்கிறோம். அமெரிக்க அரசுக் கணக்கில் அதற்குப் பொருள், அந்த நாட்டு மனிதர்கள் எதையுமே வெளியேற்றாவிட்டாலும் மிச்சமிருக்கும் ஓசோன். அந்த மிச்சத்தில் சீனாவின் புகையும் உண்டு, நம் புகையும் உண்டு. உலகம் முழுக்கப் பரவியிருக்கும் மீத்தேன் மெல்ல எரிந்து உண்டாக்கும் ஓசோனும் உண்டு. மீத்தேன் காற்றில் சுமார் 10 வருஷம் தங்கும், ஆகையால் அது எந்த ஊர்ச் சொத்தும் இல்லை. தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 700 பிபிபியாக இருந்தது இப்போது 1,900-ஐத் தாண்டிவிட்டது. மின்னலும், மழை பட்ட பாலை மண் விடும் நைட்ரஜன் ஆக்சைடும் இயற்கைக் கணக்கு. ஒருவருக்குப் பின்னணி, இன்னொருவருக்கு முன்வாசல்.

சேர்வராயன் மலைக்குத் திரும்பி வந்தால்

சரி, ஏற்காட்டுப் பட்டையில் இருந்தது யாருடையது? லாஸ் வேகஸின் பதிலை அப்படியே தூக்கி இங்கே ஒட்ட முடியாது. நாம் வெப்ப மண்டலத்தில் இருக்கிறோம். அடுக்கு மண்டலம் நமக்கு மேலே 16, 17 கிலோமீட்டரில்தான் தொடங்குகிறது. குளிர்காலத்து ஜெட் காற்று வட இந்தியாவின் மேலே ஓடுகிறது. அதன் மடிப்புகள் இமயமலைப் பக்கம் இறங்கலாம். 1,500 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டு வராண்டாவுக்கு ஒரு நாக்கு நீண்டது என்பதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. வாட்ஸ்அப் செய்தி சொல்லும் 'மார்கழியில் கீழே இறங்கும் ஓசோன்' என்பதற்கு அருகில் வரும் ஒரே அறிவியல் விஷயம் அந்த மடிப்புத்தான். அதுவும் நம் ஊரில் இல்லை.

நமக்குப் பக்கத்து உதாரணம் ராஜஸ்தானில் இருக்கிறது. தார் பாலைவனத்துக்குத் தென்கிழக்கே அபு மலையின் குரு சிகரத்தில், அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தார் பல வருஷம் ஓசோன் அளந்தார்கள். உயரம் சுமார் 1,680 மீட்டர், ஏற்காட்டைவிடக் கொஞ்சம் அதிகம். அங்கே மழைக்காலத்தில் ஓசோன் குறைகிறது, கடலில் இருந்து வரும் சுத்தக் காற்று. பின்பனி, முன்பனி வாக்கில் ஏறுகிறது, நிலப்பரப்பின் புகையைச் சுமந்து வரும் காற்று. நகரத்தில் நாம் பழகிய பகல்-ஏற்றம், இரவு-இறக்கம் அந்த மலையில் கிடையாது. தெளிவான நாட்களில் இரவில்தான் சற்றுக் கூடுதல். நாவல்பழ நிறப் பட்டையைப் பற்றி இருந்த குழப்பம் எனக்கு இதை வாசித்தபோதுதான் பாதி தீர்ந்தது. மார்கழியில் நமக்கு வீசுவதும் வடகிழக்குக் காற்று. கங்கைச் சமவெளியின் குளிர்காலப் புகை வங்கக் கடலைச் சுற்றிக்கொண்டு தெற்கே வரும் காலம் அது.

ஆனால் என் சந்தேகம் இன்னும் கிட்டத்தில். பகலில் வெயில் ஏறியதும் மலைச்சரிவு சூடாகி, அடிவாரத்துக் காற்று சரிவோடு மேலே ஏறும். சேலத்தில் காலையில் வண்டிகள் விட்டது, மேட்டூர் அனல்மின் நிலையப் பக்கம் இருந்து வந்தது, எல்லாம் வெயிலில் வெந்துகொண்டே பிற்பகலில் ஏற்காட்டை எட்டிப்பார்க்கும். சாயங்காலம் அடிவாரத்தில் குளிர்காற்றுத் தேங்கி ஒரு மூடி விழுந்ததும், மேலே போனது மேலேயே நிற்கும். தின்பதற்கு அங்கே நைட்ரிக் ஆக்சைடும் போதாது. அப்படியானால் ஏற்காட்டு இரவின் ஓசோனில் ஒரு பங்கு, சேலம் நேற்றுப் பகலில் சமைத்ததுதான். ஐந்து ரோட்டில் நீலமே தெரியாததற்கும் மலைமேல் கருத்ததற்கும் ஒரே புகை காரணமாக இருக்கலாம். லாஸ் வேகஸ் ஆய்வும் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்துக் காற்று பாலைவனத்தைக் கடந்து வருகிறதா என்பதைத் தேட வேண்டியவற்றில் ஒன்றாகவே வைத்திருந்தது. நமக்கு அந்தத் தூரம் 20 கொண்டை ஊசி வளைவுதான்.

கண்காட்சியில் அவள் மூன்று பட்டையையும் அட்டையில் ஒட்டி வைத்திருந்தாள். நடுவராக வந்தவர் "எத்தனை பிபிபி?" என்று கேட்டார். "இதுல சொல்ல முடியாது சார், எங்க இருக்கு, எப்ப இருக்குன்னு மட்டும்தான் சொல்லும்" என்றாள். பரிசு ஹைட்ராலிக் ஜேசிபி பொம்மைக்குப் போனது.

அடுத்தது பங்குனியில். மூடுபனி இல்லாத வறண்ட நாளாகப் பார்த்து அடிவாரம், பத்தாவது வளைவு, ஏற்காடு ஏரி மூன்றிலும் 3 மணி நேரத்துக்கு ஒரு பட்டை மாற்றுவதாகத் திட்டம். சேலத்து ஓசோன் பிற்பகலில் மலை ஏறுவது நிஜமென்றால் நிறம் கீழிருந்து மேலே நகர வேண்டும்; மூன்றிலும் ஒரே நேரத்தில் கருத்தால் அது வெளியூர்க் காற்று, என் சந்தேகம் தப்பு. பத்தாவது வளைவில் குரங்குகள் பட்டையைப் பிய்க்காமல் எப்படிக் காப்பது என்பதற்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை. அயோடைடு பாட்டிலில் கால்வாசி மிச்சம் இருக்கிறது. கலக்காத மாவு அரை கிலோ இருந்ததை அம்மாயி எடுத்து வத்தல் ஊற்றிவிட்டார், அதற்கு நண்பரிடம் மறுபடி போக வேண்டும்.